ஏகதேசம் பத்து நாள்

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் தீர்த்துச் சொல்ல மாட்டார்கள். தக்கலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இன்னா, ரெண்டு வளைவு திரும்பினா ஆச்சு" என்பார்கள். நடக்கிறவனுக்குக் கால் ஓய்ந்து போகும். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றால் "ஒரு பந்தல் நெறைய" என்று பதில் வரும். பிள்ளைக்கு என்ன வயது என்றால், "பல்லு விழுந்து முளைக்குது" என்பார்கள். தெரியாமல் இல்லை. தீர்த்துச் சொன்னால் கண்பட்டுப் போகும் என்று ஒரு பயம், தீர்த்துச் சொல்வது அகங்காரம் என்று ஒரு மரியாதை. ரெண்டும் சேர்ந்ததுதான் எங்கள் பேச்சு. ஏகதேசம் என்று ஒரு சொல்லும் எங்களுக்கு உண்டு. கிழக்கே உள்ளவர்கள் கிட்டத்தட்ட என்று சொல்லும் இடத்தில் எல்லாம் நாங்கள் ஏகதேசம் என்போம். மலையாளத்துக்காரர்களோடு ஒரே ராஜாவின் கீழ் கிடந்ததில் வந்த சொல்லாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது இங்கிலீஷிலுள்ள ஏகதேசச் சொற்களைப் பற்றி. நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லை. தமிழே வேதப் புத்தகத்தில் விரல் வைத்து வாசிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனாலும் அபௌட், நியர்லி, ஆல்மோஸ்ட் என்ற இந்த மூன்று சொற்களைப் பற்றி யாரும் என்னிடம் வந்து கேட்கலாம். காலேஜில் படித்த பிள்ளைகள் சொல்வதைவிட நான் கூடுதல் சொல்வேன். அவர்கள் புத்தகத்தில் படித்தார்கள். நான் வேறு விதமாய்ப் படித்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. துணி அளந்து கிழித்துக் கொடுக்க வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலைந்து வருஷம் இங்கிலீஷ் வாசித்தவர். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பெரிய பேர் இருந்தது. மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கிற சீட்டைக் காட்ட ஆட்கள் வருவார்கள். அவர் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் சொல்லுவார். இங்கிலீஷில் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வாசிப்பார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்பேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

கல்யாணம் முடிந்து வெகுகாலம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. ஒன்றே ஒன்று. அப்பா கடையில் செய்வதை எல்லாம் அவள் முற்றத்தில் செய்வாள். வாழை இலையை முழங்கையில் வைத்து அளந்து, "கெஜம் எத்தற வேணும்?" என்று என்னைக் கேட்டு, சர்ரென்று கிழித்து, மடித்துக் கையில் தருவாள். அந்த இலையில்தான் அன்றைக்கு நான் சோறு தின்ன வேண்டும். வேறு இலையில் தின்றால் அழுவாள்.

பல்லு விழுந்து முளைக்கிற வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். இறங்கவில்லை. மாட்டு வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர். நல்ல மனுஷி, அதை நான் எங்கும் சொல்லுவேன். பிள்ளை பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து ஸ்பூனால் பால் கொடுப்பாள். குடல் காய்ச்சல் என்றார்கள். நாள் போகப் போகக் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கண் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வார்டில் இருந்த மற்றப் பெண்களும் சிரித்தார்கள்.

அன்றைக்கு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தாள். பக்கத்தில் நின்ற நர்சம்மா தமிழில் சொல்ல வாயெடுத்தாள். என் வீட்டுக்காரர் கையமர்த்திவிட்டு, தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று டாக்டரைப் பார்த்து இங்கிலீஷிலேயே சொன்னார். டாக்டர் சிரித்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. இரண்டு சத்தங்கள் மட்டும் காதில் நின்றன. ஒன்று நியர்லி, மற்றது அபௌட். பிறகு அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி விரலை ஆட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஏகதேசம் சொகமாயிட்டு. இன்னும் ஏகதேசம் பத்து நாளு. அது வர பாலும் கஞ்சிவெள்ளமும்தான். சோறு குடுத்திரப்பிடாது. கொடல்ல புண்ணு இருக்கு."

"பத்து நாளும் இஞ்சதான் கெடக்கணுமா?"

நான் கேட்டதை அவர் டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டார். இங்கே இருந்தால் நல்லது என்றாள் டாக்டர். ஆனால் வீட்டில் என் மாமியார் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தாள். பிள்ளை பிழைத்து எழுந்தால் அறுப்புப் பண்டிகைக்கு அவள் கையாலேயே முதல் கதிரைக் கோவிலில் கொண்டு வைப்பதாக. பண்டிகை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மீதி நாளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் கூட்டிவந்தோம். டாக்டர் வண்டி வரைக்கும் வந்து, மறுபடியும் வயிற்றைத் தொட்டுக் காட்டி அனுப்பினாள்.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்களை மடையர்கள் என்று நினைப்பீர்கள்.

வைத்தியர் ஒரு மாதம் பத்தியம் என்று சொன்னால் நாங்கள் மூன்று வாரத்தில் முறிப்போம். முறிப்போம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு வாரத்தைக் கூட்டிச் சொல்லுவார். கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் குறைப்போம். என் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். சொன்ன நாள் முழுக்கப் பத்தியம் காத்தவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். "பாவம், வைத்தியரு சொன்னத அப்பிடியே நம்பிட்டான்" என்பார்கள்.

மாமியார் மகனைக் கேட்டாள். "ஏலே, மதாம்ம எத்தற நாளு சொன்னா?"

"ஏகதேசம் பத்து நாளு, அம்மா."

"ஏகதேசமா? தீத்துச் சொல்லல்லியா?"

"இல்ல. ஏகதேசம்னுதான் சொன்னா."

"அப்பம் ஏழுன்னு வையி. தீத்துச் சொல்லியிருந்தாலாவது யோசிக்கணும்."

"அவ வெள்ளக்காரி, அம்மா."

"வெள்ளக்காரின்னா என்னலே? வைத்தியம் பாக்கவளுக்கு ஒரே புத்திதான். கூட்டித்தான் சொல்லுவா."

"மாமி, பண்டிக அடுத்த வருஷமும் வருமே" என்றேன் நான்.

"ஒனக்கென்னட்டி, பொருத்தன பண்ணினது நானல்லா! கர்த்தர்கிட்ட அடுத்த வருஷம் தாறேன்னு கடன் சொல்லச் சொல்லுகியா?"

பிள்ளை பாயில் உட்கார்ந்துகொண்டு, "நான் கதிரு கொண்டுபோவேன், நான் கதிரு கொண்டுபோவேன்" என்று பாடிக்கொண்டிருந்தாள். முகத்தில் இரத்தம் ஊறியிருந்தது. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். மூன்று பேரும் அந்தச் சொல்லை ஒரே மாதிரித்தான் கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரால் தலைக்கு விட்டோம். காய்ச்சல் விட்டவர்களுக்குத் தலைக்கு விட்டுச் சோறு கொடுப்பதுதான் பத்தியம் முறிக்கிற முறை. அது முடியாமல் கோவிலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. இந்துக்கள் வீட்டிலும் அதேதான், எங்கள் வீட்டிலும் அதேதான். சம்பாச் சோற்றைக் குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டு, பப்படம் சுட்டு வைத்தேன். என்ன தீனி தின்றாள்! நான் பிசைந்து உருட்ட உருட்ட வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு நடந்தார். கதிர்க்கட்டு அவள் கையில் இருந்தது. வழியில் போகிறவர்களிடம் எல்லாம் கட்டை ஆட்டிக் காட்டினாள். பீடத்துக்கு முன்னால் வாழைக்குலைகளும் தேங்காய்களும் குவிந்து கிடந்தன. அதன் மேலே அவள் கதிரை வைத்தாள். மாமியார் வாய்விட்டு அழுதாள். சந்தோஷ அழுகை.

மத்தியானத்துக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வண்டி பூட்டினோம். ஆஸ்பத்திரிக் கோவில் மணி காதில் விழுகிற தூரத்தில், என் மடியில், அவள் அடங்கிப்போனாள். மாடு நடந்துகொண்டே இருந்தது. வண்டிக்காரனிடம் நிறுத்து என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அப்படியே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனோம்.

"சோறு குடுத்தியளா?" என்று நர்சம்மா கேட்டாள். அவர் ஆமென்று தலையை அசைத்தார். டாக்டர் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏசியிருந்தால் அவருக்கு நன்றாயிருந்திருக்கும்.

அதன் பிறகு அவர் இங்கிலீஷ் வாசிப்பதை விட்டார். யாராவது குப்பியோடு வந்தால், "கண்ணு செரியாத் தெரியல்ல" என்று சொல்லிவிடுவார். கொஞ்ச நாளில் ஆட்கள் வருவதும் நின்றது. என்னோடும் பேச்சுக் குறைந்தது. சோறு, உப்பு, வெந்நீர் என்று வீட்டுக்கு வேண்டிய சொற்கள் மட்டும். மாமியார் மட்டும் தனக்குத்தானே, "வைத்தியரு கூட்டித்தானே சொல்லுவாவ, கூட்டித்தானே சொல்லுவாவ" என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு நாள் கிணற்றடியில் ஒருத்தி, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "அவரு இங்கிலீசு பிள்ளைய முழுங்கிட்டு."

குடத்தைக் கீழே வைத்தேன். "எம் மாப்பிள எழுத்துத் தப்பாம சொன்னவரு. ஒம் மாமனாருக்கு வந்த குப்பி கண்ணுக்கு விடணுமா காதுக்கு விடணுமான்னு தெரியாம முழிச்சிட்டு நின்னியே, அப்பம் சொன்னது யாரு? இண்ணைக்கு வர ஒம் மாமனாரு கண்ணு தெரிஞ்சு ஒன்னை ஏசுகாரல்லா? அதுக்கு நன்றி சொல்லிட்டு வெள்ளம் கோரு."

அவள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அவர் எழுத்துத் தப்பாமல் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சொன்னது ஒன்று, இவர் சொன்னது வேறொன்றாக இருந்திருந்தால்? இந்த மனுஷன் உள்ளுக்குள் அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. தெரிந்தவர்களிடம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

வேதம் வாசித்துக் கொடுக்க வீடு வீடாக வரும் அம்மா ஒருத்தி, தக்கலைப் பக்கத்து மிஷன் பங்களாவில் துரைசானிக்குக் கூடமாட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். பட்டினியால் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்கு வயல் இருந்தது. நான் போனது வேறு காரியத்துக்கு. வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்.

துரைசானி தமிழ் பேசுவாள், ஆனால் வேதப் புத்தகத்தில் உள்ள தமிழ். "அம்மணி, நீர் பாலைப் பொங்கவிடாதிரும்" என்பாள். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வேன். சமையல் பார்க்கிற குசினிக்காரர் கொட்டாரம் ஊர்க்காரர், தலை நரைத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது, பேச்சு முழுக்கத் தெரியும்.

விருந்தாளிகள் வருகிற ஒரு நாள், துரைசானி உள்ளே வந்து அபௌட் ஃபோர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கழுவிக்கொண்டிருந்த தட்டை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, அது என்ன வார்த்த?"

"ஏகதேசம் நாலு மணிக்கு வருவாவளாம்."

அப்படியானால் என் வீட்டுக்காரர் சொன்னது சரி. எனக்குக் கண் நிறைந்தது. சந்தோஷந்தான். ஆனால் அண்ணன் நிறுத்தவில்லை. "நாலுக்கு முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். வெள்ளம் கொதிச்சிட்டே கெடக்கட்டு, தங்கச்சி."

"பிந்தியும் வருவாவளா? கூட்டிச் சொல்லியிருக்க மாட்டாவளா?"

"வெள்ளக்காரன் கூட்டியும் சொல்ல மாட்டான், கொறச்சும் சொல்ல மாட்டான். அந்த அளவுக்கு மேல தனக்குத் தெரியாதுன்னு சொல்லுகதுக்குத்தான் அந்த வார்த்த. நம்ம ஆளுவ மாதிரி நெனச்சு நான் ஆதியில ரெண்டு மட்டம் டீயை ஆறவிட்டு ஏச்சு வாங்கியிருக்கேன்."

அவருக்கு ஆறியது டீ.

நியர்லி என்பதையும் அவரிடந்தான் படித்தேன். உள்ளேயிருந்து துரைசானி டீ ஆயிற்றா என்று கேட்பாள். இவர் விறகைப் பிளந்துகொண்டே, "நியர்லி, மாம்" என்று சத்தம் கொடுப்பார்.

"அடுப்பே பத்தல்லியே, அண்ணா. வாய் கூசல்லியா?"

"பொய்யா சொன்னேன்? ஆகல்லங்கத மரியாதையாட்டு சொன்னேன், அவ்வளவுதான். நியர்லின்னா எவ்வளவு பக்கத்துல இருந்தாலும் இன்னும் ஆகல்லன்னுதான் அர்த்தம்."

இன்னும் ஆகவில்லை. ஏகதேசம் சுகமாயிற்று என்று ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் சொன்னபோது நாங்கள் சுகமாயிற்று என்பதைக் கேட்டோம். ஏகதேசத்தை, பேச்சுக்கு முன்னால் போடுகிற மரியாதை என்று தள்ளிவிட்டோம். அதில்தான் டாக்டர் தன் பயம் முழுவதையும் வைத்திருந்தாள்.

வேறு சொற்களும் உண்டு. ஏகதேசம் ஒரு வாரம் என்பதற்கு எ வீக் ஆர் ஸோ என்பாள் துரைசானி. ஆர் ஸோ என்பது எப்போதும் கடைசியில் வால் மாதிரித் தொங்கும், முன்னால் வராது. கூடக்குறைய என்பதற்கு மோர் ஆர் லெஸ் என்று தோளைக் குலுக்கினால், அவள் அந்தக் காரியத்தைப் பெரிதாக நினைக்கவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் வயது, காய்ச்சல், மருந்து இவற்றுக்கு அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆல்மோஸ்ட் வந்தது ஒரு மழை நாளில். துரைசானி பாசி படிந்த படியில் வழுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐ ஆல்மோஸ்ட் ஃபெல் என்றாள்.

நான் ஓடிப்போய், "விழுந்துட்டியளா, அம்மா?" என்றேன்.

"நான் விழப் பார்த்தேன். விழவில்லை. விழாததினால்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்" என்று சிரித்தாள்.

அவளை உள்ளே கொண்டு உட்காரவைத்துவிட்டு, விறகுப்புரைக்குப் பின்னால் போய் நின்றேன். நடக்காமல் போன காரியத்துக்கு இவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாமும் வைத்திருக்கிறோம். விழப் பார்த்தான், மழை பெய்யப் பார்த்தது, மாடு முட்டப் பார்த்தது. அப்படியானால் என் பிள்ளை பிழைக்கப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்று கேட்டு, கதிர்க்கட்டை ஆட்டிக் காட்டி, பிழைக்கப் பார்த்தாள். மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். அண்ணன் தேடி வந்தார். தலைக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் வீட்டில் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமைகளில் அவர் கடையிலிருந்து நேரே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து எனக்காகக் காத்து நிற்பார். இரண்டு பேரும் ஒன்றாக ஏறுவோம். ஒரு மூச்சுப் பேச்சு இருக்காது.

ஒரு சனிக்கிழமை பஸ் பிந்திவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, நீ இத்தற காலம் பங்களாவுல நிக்க. இங்கிலீசு காதுல விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கு."

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

தொண்டையைச் செருமினார். குப்பியைத் தூக்கிப் பிடிக்கிற காலத்துக்குப் பிறகு அந்தச் செருமலை நான் கேட்டதில்லை. "அபௌட் டென் டேய்ஸ். ஏகதேசம் பத்து நாள்னுதானே அர்த்தம்?"

"ஆமா. அதேதான். நீங்க சொன்னது எழுத்துத் தப்பல்ல."

அவர் செருப்பால் மண்ணைத் தேய்த்தார். பிறகு, "அப்பம் அதுல பத்து கொறையவும் செய்யுமா?" என்றார்.

அவர் கேட்டது குறையுமா என்பதை. கூடுமா என்று கேட்கவில்லை. முகம் நிமிரவில்லை, கை மட்டும் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"கொறையவும் செய்யும்" என்றேன்.

"செய்யும் அல்லா?"

"செய்யும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவர் என் மடியிலிருந்த துணிப்பொட்டணத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை ஒரு நாளும் செய்ததில்லை. கடையில் புதிதாக வந்திருக்கும் சீட்டித் துணியைப் பற்றி, முதலாளியின் மருமகனைப் பற்றி, நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தார். நான் வெளியே வயலைப் பார்த்து உம் கொட்டிக்கொண்டு வந்தேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் வெகுகாலம் இருந்தார். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தச் சொல்லின் மற்றப் பாதி இன்று வரைக்கும் என்னிடந்தான் இருக்கிறது.